ஏழாம் வகுப்பு புராஜெக்ட்: “உங்க இஷ்டம்”னு விட்டா எல்லாரும் எரிமலை கொண்டு வர்றாங்க

உப்புக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 34 பிள்ளைங்க, பாதிக்கு மேல உப்பளத்து வீடு.

வளரறி மதிப்பீடு (அ)ன்னு புராஜெக்ட் மாதிரி வேலைகளுக்கு 20 மார்க் இருக்கில்லையா, அதுக்கு எப்பவும் நானே தலைப்பு எழுதிப் போடுவேன். எல்லாம் ஒரே மாதிரி வரும், திருத்தி முடிச்சுடலாம். எனக்கே சலிச்சுப் போச்சு. அதனால இந்த ரெண்டாம் பருவத்துல, “எது பிடிச்சிருக்கோ அதை ஆராய்ச்சி பண்ணுங்க, பத்து நாள் டைம்”னு சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். வகுப்பு கப்சிப். அப்புறம் வந்த முதல் கேள்வி: “டீச்சர், ஏ-ஃபோரா சார்ட்டா?”

பத்தாவது நாள் மேஜை மேல 11 எரிமலை. தெர்மாகோல், சிவப்பு பெயின்ட், சமையல் சோடா, வினிகர். ஏழு சூரியக் குடும்பம். அஞ்சு பேர் ஒரே பிரவுசிங் சென்டர்ல ஒரே பக்கத்தை பிரின்ட் எடுத்திருக்காங்க. அஞ்சுலயும் “நீராவ்ப்போக்கு”ன்னு அதே எழுத்துப் பிழை. ஒரு பொண்ணு “இவ்வாய்வின் நோக்கம் யாதெனில்”னு ஆரம்பிச்சு நாலு பக்கம் வாசிச்சா. அண்ணன் போன்ல ஏஐ கிட்ட கேட்டு எழுதினதாம். ரெண்டாவது வரிக்கு அர்த்தம் கேட்டேன், தரையைப் பாத்தா.

ஒரு பையன் மட்டும் வெறுங்கையோட வந்தான். “எங்க ஆச்சி டிவியில சொல்றதுக்கு முன்னாடியே மழை வருதுன்னு சொல்லி உப்பு அம்பாரத்தை மூடச் சொல்லும் டீச்சர். எப்படின்னு கேட்டா ‘காத்து மாறுது’ங்குது. அதை எப்படி சார்ட்ல ஒட்டுறது?” ஒப்படைக்க ஒண்ணும் இல்லைன்னு அவனுக்கு 8 மார்க் போட்டேன். எரிமலைக்கெல்லாம் 16, 17. அந்த 8 என்னை உறுத்திக்கிட்டே இருக்கு.

பிள்ளைங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் விடலாம்? மார்க் எப்படிப் போடுறது? விசிட் வந்தா காட்ட சார்ட் வேணும்னு தலைமையாசிரியர் வேற சொல்றாங்க. ஜனவரியில மூணாம் பருவம் ஆரம்பிக்குறதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க.

கணக்கு டீச்சர்:

எரிமலையைப் பிள்ளைங்க தேர்ந்தெடுக்கலை டீச்சர். ஃபேன்சி ஸ்டோர்காரர் தேர்ந்தெடுத்தார். நீங்க கையை எடுத்ததும் அந்த இடத்துல கடைக்காரரும் பிரவுசிங் சென்டர்காரரும் அண்ணனோட போனும் வந்து உக்காந்துட்டாங்க. என் மகன் ஆறாவது படிக்கும்போது ராத்திரி ஒன்பது மணிக்கு தெர்மாகோல் தேடி மூணு கடை ஏறி இறங்கினவ நான். அவன் தூங்கிட்டான், ஒட்டினது நானும் அவங்க அப்பாவும்.

வீட்டுக்குக் கொடுக்காதீங்க. எல்லாமே பள்ளிக்கூடத்துல, உங்க கண்ணு முன்னால நடக்கட்டும். பாதி நோய் அதுலயே போயிடும்.

செவக்காட்டு வாத்தியார்:

தங்கச்சி, நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலும் செவலும் கலந்த ஊர்கள்ல வேலை பாத்தவன். நீங்க பண்ணினது தப்பில்லை, பாதியில நின்னுடுச்சு. நானும் தப்பு பண்ணினவன்தான், என்ன, எதிர்ப் பக்கத்துத் தப்பு.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993ல ஆரம்பிச்சது. நான் வேலை பாத்தப்போ நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்தினாங்க. 10லேருந்து 17 வயசு வரைக்கும் பிள்ளைங்க கலந்துக்கலாம், உள்ளூர்ப் பிரச்சினை ஒண்ணை எடுத்து ஆய்வு பண்ணணும். முதல் தடவை ஒரு குழுவைக் கூட்டிட்டுப் போனப்போ தலைப்பு நான் கொடுத்தேன், கேள்வித்தாள் நான் எழுதினேன், வரைபடம்கூட நான்தான். மாவட்ட அளவுல ஒரு நடுவர் எங்க பொண்ணுகிட்ட கேட்டார்: “ஏம்மா, இந்தக் கேள்வியை ஏன் எடுத்தீங்க?” அவ சட்டுனு சொன்னா: “சார் சொன்னாங்க.” நடுவர் சிரிச்சுட்டு அடுத்த மேஜைக்குப் போயிட்டார். பஸ்ல திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்குப் பேச்சே வரலை.

அடுத்த வருஷம் தலைப்பே கொடுக்கலை. ஆனா “உங்க இஷ்டம்”னும் சொல்லலை. ஒரு பிஸ்கட் டின்னை ஜன்னல்ல வச்சு ரெண்டு வாரம் விட்டேன். தோணுற கேள்வியை, பேர் எழுதாம, துண்டுச் சீட்டுல போடணும். 61 சீட்டு சேர்ந்துச்சு. வராண்டாவுல சாக்குப்பீஸால மூணு வட்டம் போட்டு, அவங்களையே பிரிக்கச் சொன்னேன். புத்தகத்துல பதில் கிடைக்கிறது ஒரு வட்டம். பெரியவங்களைக் கேட்டா கிடைக்கிறது இன்னொண்ணு. நாமளே போய்ப் பாக்கணும், எண்ணணும், அளக்கணும்னா அது மூணாவது. “மின்மினி ஏன் மின்னுது?”ங்குற சீட்டு முதல் வட்டத்துக்குப் போச்சு. போட்டவனுக்கு மனசு கேக்கலை. ஒரு ரவுண்டு சுத்தி வந்து, “எங்க ஓடைப் பக்கம் மின்மினி எந்த மாசம் ஜாஸ்தி?”ன்னு மாத்தி எழுதி மூணாவது வட்டத்துல வச்சான். நான் வாயே திறக்கலை. என் சர்வீஸ்ல நான் உருப்படியா செஞ்சது அன்னைக்கு வாயை மூடிட்டு நின்னதுதான்னு இப்பவும் நினைக்கிறேன்.

ஒரு குழு தெருக்குழாய் ஒழுகுறதை எடுத்தாங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை அடியில வச்சா 24 நிமிஷத்துல ரொம்புது. அப்ப ஒரு நாளைக்கு 60 லிட்டர். அதை லிட்டர்ல சொன்னா ஊர்ல யாருக்கும் புரியாது, குடத்துல சொல்லணும்னு ஒரு பொண்ணு சொன்னா. குடம் எத்தனை லிட்டர்? எனக்கும் தெரியாது. பாட்டிலால ஊத்தி ஊத்திப் பாத்தாங்க, கழுத்து வரைக்கும் 15. நாலு குடம்! அதுக்கப்புறம்தான் இன்னொருத்தன் கேட்டான்: “தண்ணி விடுற நேரத்துல வேகமா சொட்டுது, மத்த நேரம் மெதுவா சொட்டுது. அப்ப 60 சரியா சார்?” சரியில்லைதான். விடியக்காலையும் அளக்கணும், பொம்பளைப் பிள்ளைங்களை அந்நேரம் வீட்டுல விட மாட்டாங்க. கடைசியில குழாயடி வீட்டுப் பாட்டி கையில பாட்டிலைக் கொடுத்து, சுவர்க்கடிகாரம் பாக்கச் சொல்லிக் கொடுத்துட்டு வந்தாங்க. இந்த ஏற்பாடு எதுவும் என் மூளையில உதிச்சது இல்லை.

உங்க ஊருக்கு வர்றேன். மூணாம் பருவத்துக்குப் பொருள் ஒண்ணை நீங்க வையுங்க: உப்பு. கேள்வி அவங்களோடதா இருக்கட்டும். எப்படி அளக்கிறது, யார் எதைச் செய்யறது, நடுவுல கேள்வியை மாத்துறதா வேண்டாமா, அதெல்லாமும் அவங்க முடிவு. 34 தலைப்பு வேண்டாம், ஏழெட்டு குழு போதும்.

மார்க்கு: முதல்ல எழுதின கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் நடுவுல என்ன மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு சொல்றதுக்கு 5. தேதி போட்ட நோட்டுக்கு 5. தாங்களா எடுத்த ஒரு முடிவையும் அதுக்குக் காரணத்தையும் சொல்ல 5. மத்த குழு கேக்குற கேள்விக்குப் பதில் சொல்ல 5. சார்ட்டுக்கு சைபர். தலைமையாசிரியருக்கு வேணும்னா, நோட்டுல இருக்குறதைக் கடைசி நாள்ல பழைய காலண்டர் பின்பக்கத்துல பெருசா வரையச் சொல்லி மாட்டிடுங்க.

அந்த ஆச்சி பேரனை மட்டும் ஜனவரி வரைக்கும் காக்க வைக்காதீங்க. வடகிழக்குப் பருவமழை ஓஞ்சுட்டா அவன் எதை எழுதுவான்? இன்னைக்கே நோட்டு கொடுங்க. ஆச்சி சொன்னது, கம்புல கட்டின துணி எந்தப் பக்கம் பறந்துச்சு, மழை வந்துச்சா இல்லையா. ஆச்சி தப்பா சொன்ன நாளையும் எழுதணும்னு சொல்லுங்க. பேரனுக்கு அதுதான் சிரமம்.

பி.எட். படிக்கிறவன்:

வாத்தியார் சொல்றதுக்கு ஆதாரமா எங்க பாடத்துல ஒண்ணு வரும். 2000ல ஐயங்கார், லெப்பர்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் மார்க்குக்காக ஒரு கட்டுரை. விருப்பம் இருந்தா எழுதலாம். சிலருக்கு 6 தலைப்பு, சிலருக்கு 30 தலைப்பு. 6 கொடுத்ததுல 74 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தாங்க, 30 கொடுத்ததுல 60 சதவீதம்தான். ஆறு தலைப்புக்காரங்க கட்டுரையும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு.

ஆனா இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். 2010ல இந்த மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துப் பாத்தப்போ சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்னு வந்துச்சு. தெரிவு கூடினா சில இடத்துல குழப்பம், சில இடத்துல நல்லது.

இன்னொண்ணு, 2008ல பாஞ்சி, பெல் எழுதின நாலு படி. முதல் படியில கேள்வி, முறை, விடை மூணும் ஆசிரியரே கொடுக்கிறது. ரெண்டாவதுல கேள்வியும் முறையும். மூணாவதுல கேள்வி மட்டும். நாலாவதுல எல்லாமே பிள்ளைங்க கையில. டீச்சர் முதல் படியிலேருந்து நேரா நாலாவதுக்குத் தாவிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

செவக்காட்டு வாத்தியார்:

தம்பி, படி சரி. ஆனா படிப்படியா ஏறினாத்தான் ஆச்சுன்னு இல்லை. எங்க மின்மினிக்காரன் எந்தப் படியிலயும் நிக்கலை, சாக்குப்பீஸ் வட்டத்தை ஒரு தடவை சுத்தி வந்தான், அவ்வளவுதான்.

உப்புக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. பரீட்சை நடக்கிறதால நேரம் இல்லை, இருந்தாலும் திங்கக்கிழமையே ஒரு டப்பாவை ஜன்னல்ல வச்சுட்டேன். பொருள் உப்புன்னு மட்டும் சொன்னேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க. எரிமலை கொண்டு வந்த பையன் ஒருத்தன் பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துட்டு நின்னுகிட்டே பாடம் எடுத்தான். கடல் தண்ணிய, உப்பு எவ்வளவு செறிவா இருக்குன்னு காட்டுற மீட்டர் போட்டுப் பாத்தா மூணு, மூணரை டிகிரி இருக்குமாம். பாத்தி பாத்தியா மாத்தி 25 வந்தாத்தான் உப்பு விழுமாம். முப்பதுகிட்ட போக விட்டா கசப்பு சேர்ந்துடும், அதுக்குள்ள அந்தத் தண்ணிய வடிச்சுடணுமாம். அந்தக் கசப்பு மெக்னீசியம்டான்னு நான் சொன்னேன். எனக்குச் சொல்ல இருந்தது அது ஒண்ணுதான். ஆறு வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு “செறிவு” நடத்துறேன், ஒருத்தன்கிட்டயும் டிகிரி பத்திக் கேட்டதில்லை. “இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?”ன்னா, “அது அப்பா வேலை டீச்சர், அறிவியல்னு தெரியாது”ங்குறான்.

நாலு நாள்ல 19 சீட்டு. போர்த் தண்ணியில சீக்கிரம் விளையுமா, கடல் தண்ணியிலயா? கறுப்புத் தட்டுல சீக்கிரம் காயுமா, வெள்ளைத் தட்டுலயா? பாத்தியில நின்னா அம்மா காலு வெடிக்குது, பூட்ஸ் போட்டவங்களுக்கு வெடிக்குதா? கடைசிச் சீட்டை எப்படிக் கையாள்றதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். பேர் இல்லை, ஆனா கையெழுத்து தெரியுது. வகுப்பு நடுவுல போட்டுப் பிரிக்க மனசு வரலை, தனியா கூப்பிட்டுப் பேசப் போறேன்.

ஆச்சி பேரன் நோட்டுல நாலு நாள் ஆகுது. ரெண்டு நாள் ஆச்சி சரி. ஒரு நாள் தப்பு. ஒரு நாள் “ஆச்சி கோவமா இருந்துச்சு, கேக்கலை”ன்னு எழுதியிருக்கான். அந்த 8 மார்க்கை ஏத்தி அனுப்பியாச்சு, மாத்த முடியாது. அவன்கிட்டயே சொல்லிட்டேன், டீச்சர் தப்பா போட்டுட்டேன்னு.

ஏ-ஃபோரா சார்ட்டான்னு கேட்டவ நேத்து வேற கேள்வி கேட்டா: “ரெண்டு தட்டும் ஒரே நாள்ல காஞ்சுட்டா என்ன டீச்சர் எழுதணும்?”

செவக்காட்டு வாத்தியார்:

ரெண்டும் ஒரே நாள்ல காஞ்சுதுன்னு, தேதி போட்டு. அதுக்கும் மார்க் உண்டுன்னு இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. இல்லேன்னா கறுப்புத் தட்டு ஒரு நாள் முன்னாடி காஞ்சதாத்தான் நோட்டுல இருக்கும். காலு வெடிக்கிற சீட்டைத் தனியா பேசுறதுதான் சரி. அந்தப் பிள்ளையோட அம்மாவையும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க தங்கச்சி.