இரை எடுக்காமல் இறக்கும் ஆக்சலாட்டில் குஞ்சுகள்

மண்டபம் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் பொரித்து 9 நாள்களான 60 ஆக்சலாட்டில் (செவுள்களுடன் நீரிலேயே வாழும் மெக்சிகோ சாலமாண்டர்) குஞ்சுகளில், நாள்தோறும் நான்கைந்து இறந்துவிடுகின்றன. மஞ்சள்கரு தீர்ந்த மூன்றாம் நாளிலிருந்து, உப்புநீரில் முட்டையிலிருந்து பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உவர்நீர் இறால்களை நன்னீரில் அலசி இருவேளையும் கொடுத்து, மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீரை முழுவதும் மாற்றுகிறேன். அசையும் இரையை மட்டுமே இவை கவ்வும் என்று தெரிந்தும் அவித்த முட்டைக்கருவை இட்டுப் பார்த்தது என் தவறுதான். தண்ணீர் கெட்டதே மிச்சம். ஒன்றையொன்று கடிக்காதிருக்கப் பத்துப் பத்தாகப் பிரித்தும் வைத்துள்ளேன். இறப்பவற்றின் வயிற்றில் ஆர்ட்டீமியாவின் ஆரஞ்சு நிறம் தெரிவதில்லை, செவுள்களும் சுருங்கியிருக்கின்றன. கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் கேன் தண்ணீரையே ஊற்றுகிறேன். 18 டிகிரி வேண்டிய இடத்தில், பனிக்கட்டிப் புட்டிகளை மிதக்கவிட்டும் பகலில் 23 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இவை இரையை மறுப்பதற்குக் காரணம் இந்த வெப்பமா, தாது உப்புகள் குறைந்த கேன் தண்ணீரா?