குளக்கரையில் நட்ட கற்பூரவல்லி ஏன் அழுகியது?

வீட்டுத் தோட்டத்தில் மூலிகைப் பாத்தியையும் சிறு குளத்தையும் சேர்த்து அமைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். நானே முதலில் சொல்கிறேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நடுவில் 6 அடி அகலத்தில் வட்டமாக ஒரு குளம், ஒன்றரை அடி ஆழம், சுற்றிலும் வளையமாக மூலிகைகள். தாளில் வரைந்து பார்த்தபோதே மனம் நிறைந்துவிட்டது. குளத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே கொட்டுவானேன் என்று கரையிலேயே பரப்பிப் பாத்தியாக்கினேன். அதில் துளசி, கற்பூரவல்லி, புதினா, வல்லாரை, ரோஸ்மேரி, நிலவேம்பு என்று ஆசைப்பட்டதையெல்லாம் அடுத்தடுத்து நட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய், ஒரே அளவு தண்ணீர்.

மூன்றாவது வாரத்தில் கற்பூரவல்லியின் கீழ் இலைகள் மஞ்சளாகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து அடித்தண்டை விரல்களால் பிடித்துப் பார்த்தேன். வேகவைத்த கிழங்கு போல நெகிழ்ந்து, தோல் கையோடு உரிந்து வந்தது. உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. கிள்ளினாலே மூக்கைத் துளைக்கும் அந்த மணம் போய், சேற்று நாற்றம் அடித்தது. பக்கத்திலிருந்த ரோஸ்மேரியும் அடுத்த வாரம் அதே வழியில் போனது. அதே பாத்தியில், அதே தண்ணீரில், வல்லாரை மட்டும் பளபளவென்று படர்ந்து கொண்டிருந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றரை அடி ஆழத்தில் இருந்து வந்தது களிமண். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. கற்பூரவல்லி தன் தடித்த இலையிலேயே நீரைச் சேமித்து வைக்கும் செடி. அதன் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் முக்கியம். ரோஸ்மேரி மத்திய தரைக்கடல் கரையோரக் கல் நிலத்துச் செடி. இவை இரண்டையும் வல்லாரையோடு ஒரே பந்தியில் உட்கார வைத்தது என் தவறு. மூலிகை என்பது நாம் வைத்த பெயர். செடிக்குத் தெரிந்ததெல்லாம் தன் தாகம்தான்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. ரப்பர் தாள் விரித்த குளத்தின் கரை ஈரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். தாள் தண்ணீரை உள்ளேயே தடுத்துவிடுகிறது. கரை மண் மற்ற இடத்தைப் போலத்தான் இருக்கும். ஆகவே குளத்தின் அருகில் வைத்தாலே வசம்புக்கும் நீர்ப்பிரமிக்கும் நீர் கிடைத்துவிடாது. அதற்கென்று ஓர் ஏற்பாடு வேண்டும்.

மறுபடியும் அமைத்தபோது செடிகளைத் தாகத்தின்படி பிரித்தேன். குளத்தின் ஒரு பக்கத்தில் 1 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, மீந்த ரப்பர் தாளில் நாலைந்து துளையிட்டு விரித்து, மண்ணை நிரப்பினேன். குளம் நிரம்பி வழியும் நீர் அங்கே போகும்படி கரையைச் சற்றே தாழ்த்தினேன். வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி எல்லாம் அந்தச் சேற்றில் சேர்ந்துவிட்டன. கற்பூரவல்லி, சோற்றுக் கற்றாழை, ரோஸ்மேரி மூன்றுக்கும் தொலைவில் 1 அடி உயர மேட்டுப் பாத்தி. பாதி மண், மீதி பருமணலும் பொடிக்கல்லும். துளசியும் நிலவேம்பும் நடுவே சாதாரண மண்ணில். புதினா மட்டும் தொட்டிக்குப் போனது. அதன் ஓடுதண்டு செங்கல் வரப்புக்கு அடியில் நுழைந்து துளசியின் நடுவில் முளைத்ததைக் கண்ட பிறகு, அதைத் தரையில் விடும் துணிவு எனக்கு இல்லை.

கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலையில் தோட்டத்தில் நிற்க முடியவில்லை. குளத்தை மூடிவிடு என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். ஒரு நாள் இரவு டார்ச் விளக்கோடு மண்டியிட்டுத் தேடினேன். குளத்தில் ஒரு கொசுப்புழு கூட இல்லை. கப்பி மீன்கள் தின்று தீர்த்திருந்தன. திரும்பும்போது புதினாத் தொட்டியின் அடித்தட்டில் வெளிச்சம் பட்டது. விரற்கடை நீரில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, என் கை நிழல் விழுந்ததும் நெளிந்து அடிக்குப் போன புழுக்கள்! இருந்த 11 தட்டுகளில் 7 தட்டுகளில் இதே காட்சி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். நீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டால் பொரியும். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறை தட்டுகளை நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். மீன் இல்லாத நீர்த்தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே போய்ப் பாருங்கள்.

* * *

ஐயா, நீங்கள் சொன்னது முழு உண்மை. நான் அல்லியில் பட்டதைச் சொல்கிறேன்.

குளத்தின் நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி அல்லி. அப்படித்தான் என் மனத்தில் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்தும் ஒரு மொட்டு வரவில்லை. இலைகளும் ஓரத்திலிருந்து கருகின. அல்லி அசையாத நீரின் செடி. அதன் இலை மூச்சு விடும் துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன; மேலே ஓயாமல் நீர் தெறித்தால் அது எப்படிப் பிழைக்கும்? நீரூற்றை எடுத்துவிட்டு, ஒரு மூலையில் சாய்ந்த கல்லின் மேல் நீர் வழிந்து இறங்கும்படி மாற்றினேன். அல்லித் தொட்டியை எதிர்மூலைக்கு, நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தினேன். ஏழாவது வாரம் முதல் பூ. காலையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பம்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று எழுதியிருப்பது நீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஏற்றும் உயரம் கூடக் கூட வரத்து குறைந்துகொண்டே போகும். எந்த உயரத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணை பெட்டிக்குள் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். நீரூற்றே வேண்டும் என்பவர்கள் அதன் உயரத்தைக் குளத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். கொஞ்சம் காற்றடித்தாலும் தண்ணீர் முழுவதும் வெளியே போய்விடும்.

* * *

மாடியில் வைப்பவர்களுக்கு ஒரு சொல். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம் என்றால் நீர் மட்டுமே 450 கிலோ. கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். நான் 40 லிட்டர் தொட்டியோடு நிறுத்திக்கொண்டேன். அதில் நீர்ப்பிரமி விளிம்பு தாண்டித் தொங்குகிறது, இரண்டு கப்பி மீன்கள் இருக்கின்றன. எனக்கு அதுவே போதும்.

* * *

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. எங்கள் குளம் முழங்கால் ஆழம்கூட இல்லை. துளசி பறிக்க நான்கு அடி தள்ளித்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கரைக் கல்லில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் நீரில் விட்டு மீனைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கள் தரையைவிட்டு எழும்பியிருந்தன. சத்தமே இல்லை. நான் ஓடிப்போய்ப் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னக் குழந்தைக்குத் தலை கனம். விழுந்தால் தானாக நிமிர முடியாது, சில அங்குல நீரே உயிரைப் பறிக்கும்.

மறுநாளே குளத்தை வற்றவைத்தோம். பள்ளத்தை வீணாக்கவில்லை. அதற்குள் ஒரு நீர்த்தொட்டியை இறக்கி, மேலே கனமான இரும்புக் கம்பி வலை போட்டு, வலை தெரியாதபடி கூழாங்கற்களைப் பரப்பினோம். தொட்டிக்குள் இருக்கும் சிறு பம்பு நீரை ஒரு துளையிட்ட கல்லின் வழியாக மேலே அனுப்புகிறது. கல்லை நனைத்துக்கொண்டு இறங்கும் நீர் கூழாங்கற்களுக்கு இடையே மறைந்து தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. சலசலப்பு இருக்கிறது, சிட்டுக்குருவி வந்து குளிக்கிறது, தேங்கிய நீர் மட்டும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. அதை ஒட்டி எலுமிச்சைப் புல்லும் துளசியும் வைத்திருக்கிறேன். மகள் இப்போது கூழாங்கற்களின் மேல் உட்கார்ந்து விளையாடுகிறாள். வாரம் ஒரு முறை தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். வறண்டால் பம்பு கெட்டுவிடும். குளம் அமைக்கத் திட்டமிடும்போது வீட்டிலுள்ள குழந்தையின் உயரத்திலிருந்தும் ஒரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

* * *

இந்தப் பேச்சை முதலில் தொடங்கிய நானே மறுபடி எழுதுகிறேன். அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சு படபடத்தது. என் பேரன் வரும் நாட்களுக்காக நானும் வலைக்கு அளவெடுத்துவிட்டேன். நன்றி.

என் குளத்து நீர் பச்சையாகவில்லையா, அடிக்கடி மாற்றுகிறேனா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பச்சையானது. முதல் மாதத்தில் உள்ளங்கை ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பதறிப்போய் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுநீர் விட்டேன். பத்தே நாளில் மறுபடி பச்சை. புதுநீரோடு புதுச் சத்தும் வருகிறது, பாசிக்கு அது விருந்து. பிறகு மாற்றுவதை நிறுத்தினேன். அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடும்வரை பொறுத்தேன், மீன் தீனியைக் குறைத்தேன், பாத்தியில் இடும் உரம் மழையில் குளத்துக்கு வழியாதபடி கரையை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். சேற்றுப் பக்கத்துத் தாழ்வை மட்டும் அப்படியே விட்டேன். ஒன்றரை மாதத்தில் அடியில் கிடக்கும் கல் தெரிந்தது. இப்போது ஆவியாகும் நீருக்கு ஈடாக மட்டும் ஊற்றுகிறேன். கோடையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் இறங்கும்; என் குளத்துக்கு அது ஏறக்குறைய 15 லிட்டர். குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலக்கும் ஊர்களில் அது பலிக்காது, அதை நீக்கும் மருந்து வேண்டும்.

குளத்து நீரை மூலிகைக்கு ஊற்றலாம். மீன் கழிவின் சத்து செடிக்கு நல்லது. ஆனால் பச்சையாகப் பறித்துத் தின்னும் இலைகளின் மேல் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

கடைசியாக, நிழலுக்காக வெங்காயத் தாமரை விடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்க நீர்நிலைகளை அடைத்த செடி அது. இரண்டு வாரத்தில் இரு மடங்காகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வேர் வரை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போட்டுவிடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ ஒரு கொழுந்தைக்கூட வீசாதீர்கள்.