புதுக் கணக்கு திறந்தால் நீலப் பூ வால்பேப்பரே வருகிறது: 24 கணினி, ஒரே இமேஜ்

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்)

வணக்கம். தமிழ்ப்பள்ளிக் கணினிக் கூடம். 24 கணினி, விண்டோஸ் 11 புரோ, டொமைன் (எல்லாக் கணினியையும் மையமாக நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது. ஒன்றைத் தயார்செய்து குளோன்சில்லா மென்பொருளில் இமேஜ் (முழு வட்டின் நகல்) எடுத்து மற்றதில் இறக்க வேண்டும். "ஆசிரியர்" கணக்கில் பள்ளிச் சின்னம் போட்ட வால்பேப்பர், இடது ஓரத்தில் ஸ்டார்ட் பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது. "ஆண்டு 4", "ஆண்டு 5" என்று புதுக் கணக்கு திறந்தால் எதுவும் வருவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் இடம்) ஹெச்கீ யூசர்ஸ் கீழே "புள்ளி டீஃபால்ட்" என்று இருப்பதையும் திருத்திப் பார்த்தாச்சு, பலன் இல்லை. "ஆசிரியர்" ஃபோல்டரை அப்படியே டீஃபால்ட் ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிடலாமா? வால்பேப்பரைப் பூட்ட வேண்டாம், பிள்ளைகள் பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

செம்பனை

நகலெடுக்கவே வேண்டாம் தம்பி. அந்த ஃபோல்டரில் உள்ள ரெஜிஸ்ட்ரி ஹைவ் (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி சேமிக்கப்படும் கோப்பு) "ஆசிரியர்" கணக்கின் அனுமதியோடு கட்டப்பட்டது. புதுக் கணக்கில் ஸ்டார்ட் மெனு திறக்காது, டாக்குமெண்ட்ஸ் பழைய ஆளின் ஃபோல்டரைத் தேடிப் போகும்.

"புள்ளி டீஃபால்ட்" பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அது விண்டோஸே உள்ளுக்குள் பயன்படுத்தும் லோக்கல் சிஸ்டம் கணக்கின் ஹைவ். புதுக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புதியவருக்கு அச்சாக இருப்பது சி டிரைவில் யூசர்ஸ், டீஃபால்ட் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் (NTUSER.DAT) கோப்புதான்.

ரெஜ்எடிட்டை (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவி) அட்மினாகத் திறந்து, ஹெச்கீ யூசர்ஸைச் சொடுக்கி, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ். அந்தக் கோப்பைக் காட்டி "புதுசு" என்று ஏதோ ஒரு பெயர் கொடுங்கள். அதற்குள் சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → கரண்ட்வெர்ஷன் → எக்ஸ்ப்ளோரர் → அட்வான்ஸ்ட். அங்கே இரண்டு டிவேர்ட் (எண் மதிப்பு): டாஸ்க்பார்ஏஎல் 0 என்றால் ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கம் போகும், ஹைட்ஃபைல்எக்ஸ்ட் 0 என்றால் கோப்புப் பெயரின் வால் தெரியும். முடிந்ததும் "புதுசு" மேல் நின்று அன்லோட் ஹைவ். இதை மறந்தால் கோப்பு பிடியிலேயே இருக்கும்; அந்த நேரத்தில் புதியவர் நுழைந்தால் தற்காலிக ப்ரொஃபைல்தான் (வெளியேறியதும் அழியும் அமைப்புகள்) கிடைக்கும்.

மங்கு_வாளி

வால்பேப்பருக்கு மட்டும் அண்ணன் சொன்ன வழி போதாது. டீஃபால்ட் ஹைவில் கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் கீழே படத்தின் பாதையை எழுதினாலும், முதல் லாகினில் விண்டோஸ் தன் தீம் (வால்பேப்பர், நிறம் முதலியவற்றின் தொகுப்பு) ஒன்றை ஏற்றி அதை அழித்துவிடும். ஆகவே தீம் வழியாகவே போக வேண்டும்.

படத்தை சி டிரைவில் விண்டோஸ், வெப், வால்பேப்பர் கீழே தனி ஃபோல்டரில் வையுங்கள். "ஆசிரியர்" கணக்கின் பிக்சர்ஸில் வைத்தால் மற்றவருக்குப் படிக்க அனுமதி இருக்காது, திரை கறுப்பாகத்தான் வரும். பிறகு அந்தக் கணக்கில் தீம் ஒன்றைச் சேமித்து, ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் ஃபோல்டரில் விழும் கோப்பை எடுத்து விண்டோஸ், ரிசோர்சஸ், தீம்ஸுக்குள் போடுங்கள். நோட்பேடில் திறந்து வால்பேப்பர் வரியில் புதுப் பாதையை எழுதுங்கள். வால்பேப்பர்ஸ்டைல் 10 என்றால் திரையை நிரப்பும், 6 என்றால் படம் வெட்டுப்படாமல் அடங்கும். சின்னம் ஓரத்தில் இருந்தால் 6 நல்லது.

கடைசியாக ஜிபிஎடிட் (விண்டோஸ் பாலிசிகளை அமைக்கும் கருவி): யூசர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → கண்ட்ரோல் பேனல் → பர்சனலைசேஷன் → "லோட் எ ஸ்பெசிஃபிக் தீம்". அதில் தீம் கோப்பின் முழுப் பாதை. முதல் நுழைவில் மட்டும் ஏற்றும், பிறகு பிள்ளைகள் மாற்றலாம். அதே அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸில் டெஸ்க்டாப் → டெஸ்க்டாப் கீழே "டெஸ்க்டாப் வால்பேப்பர்" என்று இன்னொரு பாலிசி உண்டு. அது பூட்டிவிடும், தொடாதீர்கள். ஹோம் பதிப்பில் ஜிபிஎடிட் கிடையாது. உங்களுடையது புரோ, கவலை இல்லை.

ஆறாம்_டிவிஷன்

இத்தனை சுற்று எதற்கு? ஆடிட் மோடில் (கணக்கு திறக்குமுன் கணினியை அமைக்கும் நிலை) நுழைந்து, அழகுபடுத்தி, காப்பிப்ரொஃபைல் ட்ரூ (இந்தக் கணக்கின் அமைப்புகளை டீஃபால்ட்டுக்கு நகலெடு) என்று அன்அட்டெண்ட் கோப்பில் (நிறுவலுக்கான விடைக் கோப்பு) போட்டு சிஸ்பிரெப் (விண்டோஸை நகலெடுக்கத் தயார்செய்யும் கருவி) ஓட்டினால் எல்லாம் ஒரே அடியில் முடியும்.

செம்பனை

முடியும், பாதி. விண்டோஸ் 10, 11-இல் ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பார் பின்களும் அதில் ஒழுங்காக ஏறுவதில்லை. தேவையில்லாத குப்பையும் கூடவே வரும். இன்னொன்று: காப்பிப்ரொஃபைல் டீஃபால்ட் ஹைவை மேலெழுதும். கையால் திருத்தியதும் அதுவும் சேர்ந்து வேண்டாம், ஏதாவது ஒன்று.

ஆனால் சிஸ்பிரெப்பை ஜெனரலைஸோடு (கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் தேர்வு) ஓட்டத்தான் வேண்டும். 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வந்த அப்டேட்களோடு, ஒரே எஸ்ஐடி (கணினியின் அடையாள எண்) உள்ள கணினிகள் ஒன்றோடொன்று கோப்புப் பகிரப் போனால் லாகின் மறுக்கப்படும். வெறும் குளோன் 24-க்கும் ஒரே எஸ்ஐடிதான் கொடுக்கும். காப்பிப்ரொஃபைல் இல்லாமல் ஓட்டினால் டீஃபால்ட் ஹைவ் அப்படியே இருக்கும்.

ஓட்டுமுன் இணையக் கம்பியைக் கழற்றுங்கள். ஸ்டோர் ஒரு ஆப்பை ஒரே கணக்குக்கு மட்டும் புதுப்பித்துவிட்டால் சிஸ்பிரெப் நடுவழியில் நின்றுவிடும். எந்த ஆப் என்பது சிஸ்டம்32, சிஸ்பிரெப், பேந்தர் ஃபோல்டரிலுள்ள செட்அப்ஆக்ட் லாகில் இருக்கும். ரிமூவ்-ஆப்பெக்ஸ்பேக்கேஜ் கொடுத்து அதை நீக்கி மறுபடி ஓட்டலாம். பிட்லாக்கர் (வட்டை மறையாக்கும் வசதி) தானாக ஆன் ஆகியிருந்தால் அதையும் முழுதாக நீக்குங்கள், இல்லாவிட்டால் இமேஜும் சரிவராது.

கித்தாக்காடு

நன்றி அண்ணே. அன்லோட் ஹைவ் கொடுத்தால் "ஆக்சஸ் டினைட்" என்கிறது. சோதனைக்குத் திறந்த "ஆண்டு 4" கணக்கும் இன்னும் பழைய முகத்தோடுதான் இருக்கிறது. டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) ஐகானும் எல்லாருக்கும் வேண்டும்.

மங்கு_வாளி

உள்ளே ஏதோ ஒரு கீ இன்னும் பிடியில் இருக்கிறது. "புதுசு"வை மடக்கி அதன் மேலேயே நின்று அன்லோட் கொடுங்கள். பவர்ஷெல்லில் தொட்டிருந்தால் அந்தச் சாளரத்தை மூடிவிட்டு முயலுங்கள்.

ஏற்கெனவே நுழைந்த கணக்குக்கு இந்த மாற்றம் போகாது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், யூசர் ப்ரொஃபைல்ஸில் போய் "ஆண்டு 4" ப்ரொஃபைலை அழியுங்கள். கணக்கு இருக்கும், அடுத்த நுழைவில் புதிதாகக் கட்டப்படும். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை மட்டும் அழித்தால் ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் பதிவு நின்றுபோய், தற்காலிக ப்ரொஃபைல் தொல்லை வரும்.

டெலிமாவுக்கு ஹைவே தேவையில்லை. ஷார்ட்கட்டை யூசர்ஸ், பப்ளிக், டெஸ்க்டாப்பில் போட்டால் பழைய கணக்கு, புதுக் கணக்கு எல்லாவற்றிலும் தெரியும்.

ஒன்று விட்டுப்போச்சு: தமிழ் விசைப்பலகை. தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலேயே உண்டு. "ஆசிரியர்" கணக்கில் சேர்த்த பிறகு கண்ட்ரோல் பேனல், ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், காப்பி செட்டிங்ஸில் "நியூ யூசர் அக்கவுண்ட்ஸ்" கட்டத்தை டிக் செய்யுங்கள். சிஸ்பிரெப் முடிந்து ஒரு கணினியில் மட்டும் இறக்கி, புதுக் கணக்கு திறந்து பார்த்துவிட்டு மீதி 23-க்குப் போங்கள்.