ஏலத்தோட்ட மருந்து நரம்பை என்ன செய்கிறது?

கேள்வி (கம்பம்):
கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போன என் அத்தை, மருந்தடித்த அன்று மாலை, வாயில் எச்சில் வழிய, கண்மணி கடுகாகச் சுருங்க, தொடைச் சதை தானாகத் துடிக்க வீடு திரும்பினார். நரம்பில் ஓடுவது மின்துடிப்பு என்றால், பூச்சிமருந்து அதை எப்படிக் குலைக்கிறது?

பதில் 1 (குமுளி):
தம்பி, நரம்பிழைக்குள் ஓடுவது மின்துடிப்புதான். ஆனால் இழை முடியும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு, பல இடங்களில் அது ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். துடிப்பு முனையை எட்டியதும் கால்சியம் உள்ளே புக, நுண்பைகள் திறந்து அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருளைச் சிந்த, அது எதிர்ப்புறத்தில் தன்னைப் பிடிக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. 1921-இல் ஓட்டோ லோவி, நரம்பைத் தூண்டி மெதுவாக்கிய தவளை இதயத்தின் திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. இடைவெளியில் செய்தியைக் கடத்துவது வேதிப்பொருள்தான் என்பதற்கு அதுவே சான்று.

பதில் 2 (போடி):
செய்தி சேர்ந்தபின் அது அழியவும் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் முடக்கிவிடுவதால், அசிட்டைல்கோலின் தேங்கி, ஏற்பிகளை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. இதற்கு மாற்றாகப் போடும் அட்ரோபின் ஊசி, எச்சில் போன்றவற்றின் சுரப்பிகளின் ஏற்பிகளை மறைக்கும். தசையின் ஏற்பி வேறு வகை, அதை அட்ரோபின் மறைக்காது.

கேள்வி கேட்டவர்:
ஊசி போட்டதும் எச்சில் வற்றியது. தொடை மட்டும் விடியும்வரை துடித்தது. காரணம் இப்போதுதான் விளங்குகிறது, அண்ணா.