குறைந்த ஜிஆர்இ மதிப்பெண்ணுடன் பொருளியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்த அனுபவம்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் கணிதப் பிரிவில் 161 எடுத்திருந்த நான், அமெரிக்காவில் உதவித்தொகையுடன் பொருளியல் முனைவர் படிப்பில் சேர்ந்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

130 முதல் 170 வரையிலான அந்த அளவில் 161 பல துறைகளுக்குப் போதுமானது. பொருளியலில் முன்னணித் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களிடையே அது பின்தங்கிய மதிப்பெண். மொழிப் பிரிவில் எவ்வளவு எடுத்தாலும் இந்தக் குறை ஈடாவதில்லை.

மாணவர் சேர்க்கைக் குழுவில் பணியாற்றிய பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். முதலாண்டின் நுண்பொருளியல், பருப்பொருளியல், பொருளாதார அளவியல் பாடங்களை இந்த மாணவர் தாங்குவாரா என்ற ஓர் ஐயத்துக்காகத்தான் அந்த எண்ணைப் பார்க்கிறோம் என்றும், விண்ணப்பத்தின் வேறு பகுதிகளிலிருந்து அதற்கு உறுதியான பதில் கிடைத்தால் எண்ணின் கனம் குறைந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். அதன் பிறகு நான் செய்த ஏற்பாடுகள் அனைத்தும் அந்தப் பதிலைத் திரட்டுவதற்காகவே.

நம் நாட்டின் பல பொருளியல் முதுகலைப் பாடத்திட்டங்களில், தேற்றங்களை நிறுவிப் பழகும் ரியல் அனாலிசிஸ் தனிப்பாடமாக இருப்பதில்லை. அதைக் கணிதத் துறையில் முறையாகப் படித்துத் தேறினேன். பாடம் நடத்தியவரே, நான் நிறுவல்களை எழுதும் விதத்தைக் குறிப்பிட்டுப் பரிந்துரைக் கடிதம் தந்தார். எனினும் என்னைக் கரை சேர்த்தது, சென்னையில் ஒரு கள ஆய்வுத் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகப் பார்த்த வேலைதான் என்று நம்புகிறேன். கணக்கெடுப்புத் தரவுகளைச் சரிபார்ப்பதும், புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டாவில் நிரல் எழுதுவதும், மாதிரியின் அளவைக் கணக்கிடுவதும் அன்றாட வேலைகள். திட்டத்தின் முதன்மை ஆய்வாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர். தம்மிடம் முன்பு பணியாற்றி முனைவர் படிப்புக்குச் சென்றவர்களோடு என்னை ஒப்பிட்டு அவரால் எழுத முடிந்தது. வகுப்பில் மட்டும் பார்த்த ஆசிரியர் எவ்வளவு அன்போடு எழுதினாலும், சேர்க்கைக் குழு தேடும் அந்த ஒப்பீட்டை அவரால் தர இயலாது. வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் கள ஆய்வு மூலம் மதிப்பிடும் ஜே-பால் தெற்காசியா போன்ற அமைப்புகள் இத்தகைய பணிகளுக்கு ஆள் எடுக்கின்றன; மதிப்பெண் குறைந்த நண்பர்கள் அவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

எதை ஆராய விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் நோக்க அறிக்கையில் ஜிஆர்இ பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை; ஆய்வுக் கேள்வியை விளக்க வேண்டிய இடத்தைச் சமாதானம் சொல்வதற்குச் செலவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறுதேர்வு எழுத விரும்புவோர் 21 நாள் இடைவெளி விட்டு எழுதலாம். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதையும் தாமே தெரிவு செய்யலாம்.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

மேலே எழுதியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் குடும்பச் சூழலால் குறைந்த ஊதியத்தில் ஆய்வு உதவியாளராக இருக்க இயலாதவர்களும் உண்டு. நான் வேலையில் இருந்துகொண்டே, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ‘தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு’ என்ற இணையவழிப் பாடங்களைப் படித்தேன். அவற்றை முடித்தவர்கள் அங்குள்ள முதுகலைப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம்; அதற்கு ஜிஆர்இ தேவையில்லை. நான் அதில் சேரவில்லையென்றாலும், கண்காணிப்புடன் நடந்த தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்கள் என் முனைவர் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்த்தன. ஜிஆர்இ கட்டாயமில்லை என்று அறிவித்திருந்த துறைகளுக்கு மதிப்பெண்ணை அனுப்பவேயில்லை.

ஒரு பல்கலைக்கழகம் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தது. உதவித்தொகையுடன் இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் உண்டு என்பதால், அந்தப் பட்டியல் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் நகர்கிறது. எனக்கு இடம் கிடைத்ததும் அப்போதுதான்.