ஆல்பத்தில் தேடிக் கிடைக்காத பாட்டு: உங்கள் அனுபவம்?

பெட்போர்டுக்காரர்:
இருபது வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. அப்பர் குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பெட்டி ரெக்கார்டும் வெளியே வந்தது. அதில் ரோஜாக்கூடை ஓவியம் போட்ட அட்டை. நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்துக் குழுவின் 1983 ஆல்பம், 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்'. கை நடுங்கிவிட்டது. காலேஜில் நண்பன் கொடுத்த கேசட்டில் இந்த ஆல்பத்தோடுதான் அவர்களுடைய 'ப்ளூ மண்டே' பாட்டைக் கேட்டிருந்தேன். பேரம் பேசாமல் வாங்கினேன்.

அன்று ராத்திரி நல்ல மழை. முதல் பக்கம் முடிந்தது, அந்தப் பாட்டு வரவில்லை. சரி, மறுபக்கம். கடைசிப் பாட்டும் ஓய்ந்து, ஊசி உள்வட்டத்தில் டக், டக் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து எடுக்க மனசில்லை. அட்டையின் பின்பக்கம் ஒரு வண்ணச் சக்கரம். வெகுநாள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது: 'ப்ளூ மண்டே' தனி ரெக்கார்டாக, அதாவது சிங்கிளாக வந்திருந்தது; அந்தச் சிங்கிளின் அட்டை ஓரத்தில் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் வண்ணக் கட்டங்களாகத்தான் அச்சடித்திருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படிக்க இந்தச் சக்கரம்தான் சாவி. பூட்டு எங்கோ, சாவி மட்டும் என் மடியில்.

கோத்தகிரி டிஜே:
எனக்கு நேர்மாறு. ஒரு கல்யாணத்தில் வேறொரு பாட்டை, அதன் ஆல்பத்தில் இருந்த நாலு நிமிட வடிவத்திலேயே போட்டுவிட்டேன். பையன்கள் வட்டம் கட்டி ஆட ஆரம்பித்ததும் பாட்டு முடிந்துபோனது. தூக்கிய கையோடு மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு பாட்டையே பெரிய தட்டில் நீளமாகப் பதிந்த 12 அங்குல சிங்கிள் ஆட்டத்துக்கென்றே செய்தது. முன்னும் பின்னும் வெறும் தாளம் நீளமாக ஓடும், அடுத்த பாட்டை அதில்தான் கோர்க்கலாம்.

சேரம்பாடி பேத்தி:
2021இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது அம்மாயிக்குப் போனில் போட்டுக் காட்டினேன். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் மண்டபம் முகாம் வழியாக வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் சேர்ந்தவர். அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அந்தத் தீவின் தேயிலையில் உழைத்தவர்தான். பாட்டு முடிந்ததும் அம்மாயி கேட்டார்: "அடுத்ததப் போடு கண்ணு." அடுத்தது கிடையாது, இது ஒத்தைப் பாட்டு என்றேன். "இம்புட்டுப் பெரிய கதைய ஒரே பாட்டோட விட்டுட்டாங்களா?" என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் வரவில்லை.

ஊட்டி ரெக்கார்டு பிரியர்:
பெட்போர்டுக்காரரே, ஏமாந்ததுபோல் எழுதாதீர்கள். சிங்கிள் தனிப் படைப்பு. பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' 1968இல் தனியாகத்தான் வந்தது, அதே வருஷத்து இரட்டை ஆல்பத்தில் இல்லை. ஒரே பாட்டுக்கு ரசிகன் இரண்டு முறை காசு கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் நினைத்த காலம் அது. உங்கள் நண்பனின் கேசட் அமெரிக்கப் பதிப்பாக இருக்கும், அதில் 'ப்ளூ மண்டே'யைச் சேர்த்திருந்தார்கள். நீங்கள் வாங்கவேண்டியது 1987இல் வந்த நியூ ஆர்டரின் 'சப்ஸ்டன்ஸ்'. 12 அங்குல சிங்கிள்களைத் தொகுத்த ஆல்பம். என்னிடம் இருந்தது பூஞ்சை பிடித்துப் போனது.

அதனால் ஒன்று சொல்கிறேன். நம் மலையில் ஆடி மாதம் தாண்டினால் ரெக்கார்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியால் வரியோடு வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. நிமிர்த்தியே அடுக்குங்கள். குளிர்கிறதே என்று கணப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

பெட்போர்டுக்காரர்:
கேசட் அமெரிக்காதான் ஐயா, அவன் அண்ணன் அங்கிருந்து கொண்டுவந்தது. இத்தனை வருஷம் என் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். சேரம்பாடி பேத்தி, அம்மாயி அப்புறம் என்ன சொன்னார்?

சேரம்பாடி பேத்தி:
முதல்லேர்ந்து போடச் சொன்னார். போனில் சார்ஜ் தீரும்வரை போட்டேன்.