மயோட்டிக் மருந்துக்குத் தமிழ்ப்பெயர்: பாவைச்சுருக்கியா, கண்பாப்பாவா?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கண் அழுத்த நோய் வந்த நாய்களை வளர்ப்போருக்கான சொட்டு மருந்துக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டோர்சோலமைடு, டிமோலால் ஆகியவை கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைப்பவை என்பதால் அவற்றைச் 'சுரப்புக்குறைப்பி' என்று எழுதிவிட்டேன். லட்டனோபிராஸ்ட், பைலோகார்ப்பின் ஆகியவற்றில்தான் தடுமாற்றம். நாயின் கண்ணில் இவை நடுத்துளையைக் குண்டூசி முனையளவுக்குச் சுருக்குவதோடு, உள்ளே தேங்கும் நீர் வடிவதையும் கூட்டுகின்றன. மயோட்டிக் எனப்படும் இவ்வகைக்கு 'மணிச்சுருங்கி' பொருந்துமா?

தமிழாசிரியர்:

அன்புடையீர், 'சுருங்கி' பொருந்தாது. தொட்டாற்சுருங்கி தானே சுருங்குகிறது, அது தன்வினை. மருந்தோ பிறிதொன்றைச் சுருக்குகிறது; ஆகவே பிறவினையிலிருந்து 'சுருக்கி' என்றே ஆக்க வேண்டும். வினைமுதலைக் காட்டும் இகர விகுதிக்குச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்னும் குறளாட்சி (306) போதிய சான்று. 'மணி'யையும் ஏற்க இயலவில்லை. 'கருமணியிற் பாவாய்' (1123) என்னும்போதே மணி வேறு, அதனுள் இருக்கும் பாவை வேறு என்பது தெளிவு. எதிரே நிற்பவரின் உருவம் அங்கே சிறு பொம்மைபோலத் தெரிவதால் வந்த பெயர் இது. இலத்தீனத்திலும் அவ்விடத்துக்குச் சிறு பொம்மை என்றே பெயர். பாவையும் பார்வையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்குப் 'பாவைச்சுருக்கி' என்பதே என் முடிவு.

கால்நடை மருத்துவர்:

ஐயா, இச்சொல் கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியில் வருகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். நாயின் கண்ணில் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 25 மி.மீ. பாதரச அளவு, அது திடீரென்று பெரிதும் ஏறினால் ஓரிரு நாட்களிலேயே பார்வை மீளாமல் போகக்கூடும். அந்தப் பதற்றத்தில், முன்பு வாங்கி மிச்சமிருக்கும் லட்டனோபிராஸ்டை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். டெரியர் இனங்கள் பலவற்றில் லென்ஸ் கழன்று முன்பக்கம் வந்துவிடும் கோளாறு மிகுதி. அந்நிலையில் துளை சுருங்கினால், பின்னிருந்து முன்னே வரும் நீருக்கு வழி அடைபட்டு, அழுத்தம் இறங்குவதற்கு மாறாக மேலும் ஏறும். கண்ணின் உட்புறம் அழற்சி கண்டிருந்தாலும் இது ஆகாது. 'நாய்க்குக் கண்ல பிரஷர்' என்று சொல்லிக்கொண்டு வருபவர், படித்த கணத்தில் கையை நிறுத்த வேண்டும். 'பாவை' என்றால் அவர் நினைவுக்கு மார்கழிதான் வரும். ஊரறிந்த 'கண்பாப்பா' இருக்கிறதே! 'கண்பாப்பாவைச் சுருக்கும் சொட்டு' என்று போடுங்கள்.

தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் தருவது விளக்கம், கலைச்சொல் அன்று. இந்நோயில் தவிர்க்க வேண்டிய அட்ரோபினுக்குப் 'பாவைவிரிப்பி' என எதிரிணையை உடனே ஆக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தால் துறைத்தமிழ் எப்போது வளரும்?

மொழிபெயர்ப்பாளர்:

இருவருக்கும் நன்றி. மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் கண்பாப்பாவின் பக்கமே நிற்கிறார்கள். எச்சரிக்கையில் அதுவே அச்சாகும். ஐயாவின் மறுப்பையும் மனத்தில் கொண்டிருக்கிறேன். 'சுருக்கி'யை வேறோர் இடத்தில் கட்டாயம் பயன்படுத்துவேன்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மை முடிவு சொல்லைச் சரியாக்கிவிடாது. என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

கால்நடை மருத்துவர்:

அச்சுக்கு அனுப்புமுன் இன்னொன்றையும் பாருங்கள். 'சுரப்புக்குறைப்பி' என்றால் கண்ணீரைக் குறைக்கும் மருந்து என்றே வாசிப்பார்கள். டோர்சோலமைடு குறைப்பது விழிக்குள் ஊறும் நீரை. வெளியே வழியும் கண்ணீரை அன்று. நாயின் கண்ணிலிருந்து நீர் வடிவது நின்றதும் மருந்து வேலை செய்துவிட்டது என்று அவர்கள் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?